காத்திருக்க ஒரு விண்கலம்

போர் முடிந்து ஒரு சிப்பாய் திரும்புகிறான். அவன் உடம்பின் கணக்கில் கழிந்தவை சில ஆண்டுகள்தாம். ஊரின் கணக்கில் ஆயிரத்துக்கும் மேல். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்தவனுக்குப் பொழுது மெதுவாக நகர்ந்திருக்கிறது; அவனை அனுப்பியவர்களுக்கு அப்படி இல்லை. தெரிந்த முகம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. அவன் நேசித்த பெண்ணை எப்போதோ வேறு படைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றல் உத்தரவு வந்த அன்றே இருவருக்கும் புரிந்துவிட்டது: இரண்டு பேரும் உயிரோடு திரும்பினாலும் ஒரே நூற்றாண்டில் திரும்பப் போவதில்லை.

அவனுடைய பணிக் கோப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. 2878ஆம் ஆண்டு அக்டோபர் 11 என்று தேதியிட்டது. அவன் கைக்கு வரும்போது அந்தத் தாளுக்கு இருநூறு வயதுக்கு மேல். எழுதியவள் அவள்தான். நீ எப்போது திரும்புவாய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்கிறாள். படையிலிருந்து ஒரு பழைய கப்பலைச் சிலரோடு சேர்ந்து வாங்கியிருக்கிறாள். அந்தக் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் இல்லை. ஐந்து ஒளியாண்டு தூரம் போகும், திரும்பி வரும். மறுபடி போகும், மறுபடி வரும். வெளியே பத்து ஆண்டுகள் கழிந்தால் உள்ளே அவளுக்கு ஒரு மாதம் வயது கூடும். நீ உரிய நாளில் உயிரோடு வந்து சேர்ந்தால் எனக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகியிருக்கும், சீக்கிரம் வா என்கிறாள்.

இது ஜோ ஹால்டெமன் 1974இல் வெளியிட்ட ‘தி ஃபாரெவர் வார்’ நாவலின் கடைசிப் பக்கங்களில் வருகிறது. வியட்நாமில் போரிட்டுக் காயம்பட்டுத் திரும்பிய ஒருவர் எழுதிய போர் நாவல் அது. காதல் நாவல்கள் அடுக்கிய அலமாரியில் அதை யாரும் வைப்பதில்லை. ஆனால் அறிவியல் புனைவில் காதல் எப்படி நெஞ்சைப் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்து நீட்டுவது இந்த ஒரு பக்கத்தைத்தான். சிப்பாயின் பெயர் வில்லியம் மண்டெல்லா; கடிதம் எழுதும் நாயகியின் பெயர் மேரிகே பாட்டர். ஹால்டெமன் தம் மனைவியின் பெயரையே அவளுக்கு வைத்தார் என்பது பின்னால் தெரிந்துகொண்டபோது, அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பத்து ஆண்டு ஒரு மாதமாகச் சுருங்க வேண்டுமென்றால் நேரம் 120 மடங்கு மெதுவாக வேண்டும். அதற்குக் கப்பல் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 99.9965 விழுக்காடு வேகத்தில் பறக்க வேண்டும். அந்த வேகத்தில் ஐந்து ஒளியாண்டு போய்த் திரும்பப் பத்து ஆண்டுகள். கணக்கு சரியாக வருகிறது. வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் எழுதியது வெறும் ஊகமும் இல்லை. 1971 அக்டோபரில் ஹாஃபலே, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சீசியம் அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தார்கள். வேகமும் உயரமும் சேர்ந்து விளைவித்த மாற்றம் இது: கிழக்கே பறந்த கடிகாரங்கள் தரையிலிருந்தவற்றைவிட 59 நானோவினாடி பின்தங்கின, மேற்கே பறந்தவை 273 நானோவினாடி முந்தின. நம் பக்கத்து இருக்கைக்காரருக்கும் வழியனுப்ப வந்தவருக்கும் நேரம் ஒன்றல்ல. அளவுதான் கண்ணுக்குத் தெரியாத அளவு.

உனக்காக எவ்வளவு காலமானாலும் காத்திருப்பேன் என்பது உலகில் மிக எளிதாகச் சொல்லப்படும் சொல். வேறு யாரும் வேண்டாம் என்று மேரிகேயும் கடைசியில் ஓரிரு வரி எழுதுகிறாள். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை ஒளியாண்டு, எத்தனை மாதம், எத்தனை வயது என்று எழுதிவிடுகிறாள். உணர்ச்சியைப் பற்றி ஒரு வரி வருமுன்பே எண்கள் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஒருத்தி தன் ஆயுளை ஒருவனுடைய வருகைக்கு ஏற்ப மடித்து வைத்துக்கொண்டாள் என்று அந்த எண்களைக் கூட்டிப் பார்க்கும் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

சங்கப் பாட்டு படித்தவருக்கு இந்த இடம் புதிதாகத் தோன்றாது. கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவனுக்காக அவள் இருப்பதுதான் முல்லை. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிடுகிறது, அவன் வரவில்லை. தலைவி கலங்குகிறாள். தோழி அவளிடம், இந்த மரங்கள் மடத்தனமானவை, பருவம் தவறிப் பெய்த ‘வம்ப மாரி’யைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டன என்கிறாள். பருவமே வரவில்லை என்றால் அவன் சொல் தவறியதாக ஆகாது. கண்ணெதிரே கொட்டும் மழையை இது மழைக்காலம் இல்லை என்று சொல்கிறாள் தோழி. காலத்தையே கொஞ்சம் தள்ளிவைக்கிறாள். ஹால்டெமன் குறுந்தொகையைப் படித்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. தோழி சொல்லால் செய்ததை மேரிகே ஒரு பழைய கப்பலை வாங்கிச் செய்கிறாள் என்று மட்டும் சொல்கிறேன்.

தொல்காப்பியர் ‘முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு’ என்றார். அன்பின் ஐந்திணையைப் பேசவந்தவர் முதலில் வைத்தது காதலர்களை அல்ல, இடத்தையும் நேரத்தையும். உரிப்பொருளான புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் எல்லாம் அந்த இரண்டின்மேல்தான் நிற்கின்றன. அறிவியல் புனைவு எழுதுகிறவர் கை வைப்பதும் சரியாக இந்த இரண்டின்மேல்தான். வேறொரு கோள், வேறொரு நூற்றாண்டு. உரிப்பொருள் பழையதே. முதற்பொருளை மாற்றினால் பழைய உரிப்பொருள் மறுபடி கனக்கத் தொடங்குகிறது. இந்த வகை நாவல்களின் ஈர்ப்பு அதில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஏன் மறுபடி கனக்க வேண்டும்? ஏனென்றால் நம் காலத்தில் அது இலேசாகிவிட்டது. என் அத்தையின் கணவர் எண்பதுகளில் மஸ்கட்டில் வேலை பார்த்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். நீலநிற ஏரோகிராம் வந்து சேரப் பதினைந்து நாளுக்கும் மேல் ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இவர் எழுதினால், காய்ச்சல் குறைந்ததா என்று அவர் பதறிக் கேட்கும் கடிதம், பிள்ளை தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் நாளில் வரும். அத்தை அதற்கும் அழுவார். சில நேரம் கேசட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார் மாமா. நாடா தளர்ந்துவிட்டால் அத்தை பென்சிலைச் செருகி அந்தச் சிறிய பல்சக்கரத்தை மெல்லச் சுற்றுவார், அறுந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. செவ்வாய்க் கோளுக்கு அனுப்பும் வானொலிச் செய்தி போய்ச் சேர, இரண்டு கோள்களின் இருப்பைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்று முதன்முதல் படித்தபோது எனக்கு அத்தையின் பென்சில்தான் நினைவுக்கு வந்தது.

இன்று அத்தையின் பேத்தி துபாயில் இருக்கும் கணவனோடு அடுப்படியில் நின்றபடி வீடியோவில் பேசுகிறாள். குழம்பில் உப்பு போதுமா என்பதுவரை அவனுக்குத் தெரியும். பிரிவு இல்லாமல் போகவில்லை, ஆனால் அதன் மௌனம் போய்விட்டது. பழைய காதல் கதைகளைத் தாங்கி நின்ற தடைகளும் பல நாடுகளில், பல வீடுகளில் மெலிந்துவிட்டன. எங்கும் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் சாதி இன்னமும் காதலர்களைக் கொல்கிறது. ஆனால் இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் எழுதப்படும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், இருவர் விரும்பினால் சேர்ந்து வாழ்வதைத் தடுக்கப் பெரும்பாலும் எதுவும் இல்லை. தடை இல்லாத இடத்தில் கதாசிரியர் என்ன செய்வார்? ஒரு தவறான புரிதலை வைப்பார், தவறவிட்ட தொலைபேசி அழைப்பை வைப்பார். ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலுக்காக முந்நூறு பக்கம் காத்திருக்க வாசகருக்குப் பொறுமை இல்லை. இயற்பியல் தடையாக நின்றால் பேசித் தீர்க்க முடியாது. கெஞ்ச ஆளில்லை, கோபப்பட வில்லன் இல்லை. இருவரில் எவர் மீதும் பழி இல்லாத பிரிவு அது. பழி இல்லாத துயரத்துக்குத் தூய்மை அதிகம்.

காலத்தைத் தடையாக வைத்தவற்றில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டது ஆட்ரி நிஃபனெகர் 2003இல் வெளியிட்ட ‘தி டைம் டிராவலர்ஸ் வைஃப்’. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு சிறு பதிப்பகம் வழியாக வந்த அது அவருடைய முதல் நாவல். ஹென்றிக்கு மரபணுவில் ஒரு கோளாறு. அவன் விருப்பம் இல்லாமலே காலத்தில் வழுக்கி விழுந்துவிடுவான். வலிப்பு வருகிறவர்போல, எப்போது வரும் என்று தெரியாது. போய் விழும் இடத்தில் அவன் நிர்வாணமாகக் கிடப்பான். உடை கூட வராது, பல்லில் அடைத்த சிமெண்டு கூட வராது. திருமண மோதிரம் வருமா? வராது. காலப்பயணம் என்றால் பளபளக்கும் யந்திரத்தை எதிர்பார்த்துப் போகும் வாசகர் முன்னால் குளிரில் நடுங்கும் ஓர் உடம்பை வைக்கிறார் நிஃபனெகர். இந்தத் தேர்வுக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

கிளேர் ஆறு வயதில் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் முதன்முதலாக ஹென்றியைப் பார்க்கிறாள். அப்போது அவனுக்கு முப்பத்தாறு. அவன் தன் எதிர்காலத்திலிருந்து அவளுடைய குழந்தைப் பருவத்துக்கு வந்து விழுந்தவன். வரப்போகும் நாட்களின் பட்டியலை அவன் சொல்ல, அவள் நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறாள்: மொத்தம் 152 தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் அவள் அந்தப் புல்வெளியில் ஒரு பெட்டிக்குள் அவனுக்கு உடைகளை வைத்துவிடுகிறாள். அந்தப் பெட்டிதான் நாவலின் இதயம் என்று நினைக்கிறேன். காதல் என்ன என்று விவரிக்காமல், ஒரு சிறுமி தன் தந்தையின் பழைய சட்டையையும் காற்சட்டையையும் மடித்து வைப்பதைக் காட்டுகிறார். வருகிறவருக்குக் குளிரும் என்று தெரிந்திருக்கிறது அவளுக்கு.

பதினெட்டாம் பிறந்தநாளோடு பட்டியல் தீர்ந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் அவன் வருவதில்லை. பிறகு 1991 அக்டோபரில் சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் ஒரு புத்தகம் கேட்டு வருகிறாள் கிளேர். அங்கே நூலகராக நிற்கிறான் ஹென்றி, இருபத்தெட்டு வயதில். அவளுக்கு அவனைப் பதினான்கு ஆண்டுகளாகத் தெரியும். அவன் அவளை முதன்முறையாகப் பார்க்கிறான். அவள் மகிழ்ச்சியில் திக்குமுக்காடுகிறாள். அவன் இந்தப் பெண் யார் என்று விழிக்கிறான்.

இந்தக் காட்சி ஏன் இத்தனை பேரைத் தொட்டது? காலப்பயணம் இல்லாத வீடுகளிலும் இதுதான் நடக்கிறது என்பதால். இருவர் ஒரே நேரத்தில் காதலிக்கத் தொடங்குவது அரிது. ஒருவர் முன்னே போய்விடுகிறார்; மற்றவர் வந்து சேரும்வரை தனியாக நிற்கிறார். நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தபின் ஒருவருக்கு நினைவு மங்கத் தொடங்கும்போது, மற்றவர் கையில் எல்லா நினைவும் இருக்க, எதிரே இருப்பவர் ‘நீங்கள் யார்’ என்று கேட்பதும் உண்டு. இதை நேரடியாக எழுதினால் வாசகர் தற்காத்துக்கொள்வார். எனக்கு வேண்டாம் என்று புத்தகத்தை மூடிவிடுவார். மரபணுக் கோளாறு, காலப்பயணம் என்று சொல்லி அழைத்துப் போனால் நம்பிக் கூடவே வருகிறார். பாதி வழியில்தான் தன் வீட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிகிறது.

இந்த நாவலைப் புகழும்போது ஒரு நெருடலையும் சொல்லியாக வேண்டும். வளர்ந்த ஆண், தன் எதிர்கால மனைவி இவள் என்று தெரிந்தே, ஆறு வயதுச் சிறுமியின் வாழ்க்கைக்குள் நுழைகிறான். அவன் அவளிடம் கண்ணியமாகத்தான் நடந்துகொள்கிறான். கதை அதை அக்கறையாகக் காட்டுகிறது. ஆனால் வேறு யாரையாவது விரும்பும் வாய்ப்பு கிளேருக்கு எப்போது இருந்தது? நடக்கப் போவது முன்பே எழுதப்பட்டுவிட்டது என்றால் அவளுடைய சம்மதத்துக்கு என்ன பொருள்? நாவலுக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுகிறது, முழுதாக விடை கிடைப்பதில்லை. பெற்றோர் கைகாட்டியவரைப் பிறகு உண்மையாகவே நேசித்த பெண்கள் நிறைந்த நம் சமூகத்தில் இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும்.

டயானா கேபல்டோனின் ‘அவுட்லேண்டர்’ 1991இல் வந்தது. அதை அறிவியல் புனைவு என்று சேர்க்கலாமா என்பது வாதத்துக்குரியது. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் அருகே நட்டுநிற்கும் கற்களைத் தொட்டால் ஏன் 1945இலிருந்து 1743க்குப் போக வேண்டும் என்பதற்கு இயற்பியல் இல்லை. அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். அந்த வரிசையின் மூன்றாம் நாவலில் ஒரு காட்சிக்காகவே இங்கே அதைக் கொண்டுவருகிறேன். இருபது ஆண்டு பிரிவுக்குப் பின் கிளேர் (இவள் வேறு கிளேர், போர்க்காலச் செவிலி) எடின்பரோவில் ஓர் அச்சகத்துக்குள் நுழைகிறாள். திரும்பிப் பார்த்த அவள் கணவன் ஜேமி மயங்கி விழுகிறான். பிறகு அவள் தன் உடைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவது புகைப்படங்கள். அவன் ஒருபோதும் பார்த்திராத, இன்னும் பிறக்கவே இல்லாத இருபதாம் நூற்றாண்டில் பிறந்து வளர்ந்த அவனுடைய மகள். பதினெட்டாம் நூற்றாண்டு மனிதனின் கையில் வண்ணப் புகைப்படம்! நமக்குச் சலித்துப்போன பொருள் அது. கைபேசியில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. ஒரு தகப்பன் அதை என்னவென்றே தெரியாமல் வாங்கி, அது தன் மகள் என்று புரிந்து உடைந்துபோகும்போது, புகைப்படம் எவ்வளவு பெரிய அதிசயம் என்பது நமக்குத் திரும்பக் கிடைக்கிறது.

அண்மையில், 2019இல், அமல் எல்-மொஹ்தாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டோனும் சேர்ந்து எழுதிய குறுநாவலிலும் கடிதங்கள்தாம். காலத்தை மாற்றப் போரிடும் இரண்டு எதிரணிகளின் உளவாளிப் பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு கடிதம் மரத்தின் ஆண்டு வளையங்களில் வளர்க்கப்பட்டிருக்கும், இன்னொன்றை விதையாக மென்று தின்றால்தான் படிக்க முடியும். பதிலுக்கு ஒரு மரம் வளரும்வரை காத்திருக்கும் காதல் அது. என் ஏரோகிராம் அத்தைக்கு அது உடனே புரிந்திருக்கும்.

காலத்திலிருந்து இடத்துக்கு வருவோம். லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் ‘ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்’ 1986இல் வெளியானது. கோர்டீலியா ஒரு கோளின் ஆய்வுக் கப்பல் தலைவி. ஆரல் வோர்கோசிகன் எதிரிக் கோளின் படைத்தலைவன், அவளைச் சிறைப்பிடித்தவன். ஆள் இல்லாத ஒரு கோளில் இருவரும் பல நாள் நடந்து போக வேண்டியிருக்கிறது. கூடவே கோர்டீலியாவின் ஆள் ஒருவன்; மூளை நரம்புகள் சிதைந்து, நடக்க மட்டுமே தெரிந்தவன். வோர்கோசிகனின் ஊர் வழக்கப்படி அப்படிப்பட்டவனின் கழுத்தை அறுத்து விடுவித்துவிடுவதே கருணை. கோர்டீலியாவின் ஊரில் அது கொலை. அவள் கெஞ்சுகிறாள். அவனுக்கு அவள் சொல்வது புரியவில்லை, ஆனாலும் ஒப்புக்கொள்கிறான். உண்ண இருப்பவை ஓட்ஸும், சாலட்டில் ஊற்றும் நீலப் பாலாடைக்கட்டிக் குழம்பும் மட்டுமே. இந்தக் கொடுமையான கலவையை அவர்கள் நோயாளிக்கு ஊட்டி, தாங்களும் உண்டு, நடக்கிறார்கள். தடுக்கி விழும் மூன்றாமவனைத் தூக்கித் தூக்கி நிறுத்தும் அந்தப் பயணத்துக்குள்தான் இருவருக்கும் காதல் வருகிறது. ரோஜாப் பூ இல்லை, மழை நடனம் இல்லை.

இங்கே தடை தூரம் அல்ல. இரண்டு நாகரிகங்கள் நன்மை என்று எதைக் கருதுகின்றன என்பதில் உள்ள இடைவெளி. அதைக் கடக்க ஒருவர் மற்றவரிடம் கேட்டாக வேண்டும்: உன் ஊரில் இதை எப்படிச் செய்வார்கள்? நீ எதை அவமானம் என்று நினைப்பாய்? ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. விடை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேற்றுக்கோள் காதலின் பெரிய இன்பம், ஒருவரை ஒருவர் ஊகிக்க முடியாததால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிவருவது. 2008இல் டென்வரில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில் பேசிய புஜோல்ட், காதல் நாவல்கள் அன்பைப் பற்றிய கனவுகள், துப்பறியும் நாவல்கள் நீதியைப் பற்றிய கனவுகள், அறிவியல் புனைவில் பெரும்பகுதி அரசியல் ஆற்றலைப் பற்றிய கனவு என்ற பொருளில் பிரித்துச் சொன்னார். அவருடைய சொந்தக் கதைகளில் அன்பு, அரசியல் என்ற இரண்டு கனவுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவர் படைத்த உலகில் கரு வளர்வதற்குச் செயற்கைக் கருப்பை உண்டு. பிள்ளைப்பேறு பெண்ணின் உடம்பைக் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒரு பெண் ஒருவனை ஏன் தேர்கிறாள் என்ற கேள்விக்கு விடை வேறாகிவிடுகிறது.

இலக்கியத் தரம் என்று பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கும் ஒரு வகையும் உண்டு. அதைத் தாண்டிப் போவது நேர்மையாக இருக்காது, ஏனென்றால் பெருவாரியான வாசகிகள் அங்கேதான் இருக்கிறார்கள். ரூபி டிக்சன் என்ற புனைபெயரில் எழுதுகிறவர் 2015இல் தாமே வெளியிட்ட ‘ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்’ 2021இல் டிக்டாக் வழியாகப் பரவி, அதன்பின் பெரிய பதிப்பகம் ஒன்று மறுபதிப்பு செய்தது. பனிக்கோளில் தவிக்கவிடப்பட்ட பூமிப் பெண்கள். கொம்பு முளைத்த நீல நிற மனிதர்கள். அந்தக் கோளில் உயிர்வாழ உடம்புக்குள் ஒரு சிற்றுயிரை ஏற்றுக்கொள்ள வேண்டும். தனக்கு உரியவரைக் கண்டால் அந்தச் சிற்றுயிர் நெஞ்சுக்குள் அதிரும். எதிரே இருப்பவரின் நெஞ்சிலும் அதே அதிர்வு.

சிரிப்பதற்கு முன்னால், அந்த அதிர்வு யாருக்கு ஆறுதல் தருகிறது என்று பார்க்க வேண்டும். செயலியில் முகங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, இவர் உண்மையாகத்தான் பேசுகிறாரா, நாளைக்குப் பதில் வருமா என்று தெரியாமல் தூங்கப் போகும் பெண்ணுக்கு, ஐயத்துக்கு இடமே இல்லாத ஓர் அடையாளம் கிடைக்கிறது. ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு நூலில் காதல் நாவல்களை விரும்பிப் படிக்கும் அமெரிக்கப் பெண்களிடம் பேசிப் பார்த்தார். நாள் முழுக்க வீட்டில் எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் அவர்களுக்குப் புத்தகம் விரிந்திருக்கும் நேரம் தமக்கே உரிய நேரமாக இருந்தது. கதையிலும் அவர்கள் தேடியது பெண்ணைக் கவனித்துக்கொள்ளும் ஆணை. பனிக்கோளின் நீல மனிதன் வேட்டையாடிக் கொண்டுவந்து, குளிருக்குப் போர்த்தி, உனக்கு வலிக்கிறதா என்று கேட்கிறான். நாள் முழுக்கப் பிறருக்குப் போர்த்திவிட்டு வந்த கைகள்தாம் அந்தப் பக்கத்தைப் புரட்டுகின்றன.

ஆனால் அதிர்வு வந்துவிட்டது என்பதால் மறுக்க வழியில்லாமல் போகும் சம்மதம் எனக்கு உறுத்துகிறது. ‘பார்பேரியன்’, அதாவது ‘காட்டுமிராண்டி’ என்ற சொல்லை ஒரு கவர்ச்சியாக ஆக்குவதும் உறுத்துகிறது. அந்தச் சொல்லால் அழைக்கப்பட்ட மக்களின் வரலாறு உலகெங்கும் இருக்கிறது. ஆறுதல் உண்மையானது, உறுத்தலும் உண்மையானது.

தமிழில் அறிவியல் புனைவு என்றதும் பலருக்கும் நினைவு வருவது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. காணாமல் போன கணவன் சிபியைத் தேடும் நிலாவின் கதை அது. ஆனால் நிலாவையும் சிபியையும் மறந்தவர்கள்கூட ஜீனோ என்ற இயந்திர நாயை மறக்கவில்லை. நம் வாசகர் எதிர்காலத்தின் மேல் முதலில் கொட்டிய அன்பு ஒரு நாய்க்குப் போனது. காதலுக்கு இடமிருந்தும் அந்த இடம் இன்னும் பெரிதாக எழுதப்படவில்லை என்பது எனக்கு ஆதங்கம். கடல் கடந்த பிரிவைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மொழி இது.

காதல் நாவல் என்றால் என்ன என்று அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இரண்டு நிபந்தனைகள் வைத்தது: காதல் கதையின் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். முடிவு முன்பே தெரிந்தால் எதற்குப் படிப்பது என்று கேட்பார்கள். அண்டம் அவ்வளவு பெரிது, அவ்வளவு குளிர், மனிதரைப் பற்றி அதற்கு எந்த அக்கறையும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் இருவர் சேர்ந்துவிடுவார்கள் என்ற வாக்குறுதியைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் பலரால் உள்ளே நுழையவே முடிகிறது. நிஃபனெகர் அந்த வாக்குறுதியைத் தரவில்லை. ஹென்றி நாற்பத்து மூன்று வயதில் இறக்கிறான். கிளேர் எண்பத்திரண்டு வயதில் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறாள், கடந்த காலத்திலிருந்து அவன் ஒரு முறை, ஒரே ஒரு முறை, வருவான் என்று தெரிந்து. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை எனக்கு.

ஹால்டெமன் அந்த வாக்குறுதியைத் தந்தார், அதுவும் போர் நாவலில். அவள் கப்பலிலிருந்து இறங்கியபோது இருவரும் என்ன பேசினார்கள் என்று அவர் எழுதவில்லை. நாவலின் முடிவில் ஓர் ஊர்ச் செய்தித்தாளின் துணுக்கு மட்டும் இருக்கிறது, 3143ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதியிட்டது. மேரிகே பாட்டர்-மண்டெல்லா என்ற பெண்மணிக்குக் கடந்த வெள்ளிக்கிழமை ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. எடை 3.1 கிலோ. தாம் பிறந்தது 1977இல் என்பதால் அந்தக் கோளிலேயே இரண்டாவது மூத்தவர் தாம்தான் என்று தாயார் சொல்கிறார். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.